வண்டி நிற்காத வருஷம்

என் கணவர் சவூதியிலிருந்து ஊர் திரும்புவது, கைக்குள் அடங்குகிற ஒரு பம்பைப் பொறுத்து இருந்தது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வந்ததில்லை. "வண்டி ஒரு வருஷம் மக்கர் பண்ணாம ஓடட்டும், நான் மூட்டையக் கட்டிட்டு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர்தான். வண்டி என்றால் டிராக்டர். அது ஒழுங்காக ஓடினால் வீட்டுக்கு இங்கேயே ஒரு வருமானம் வரும், அவர் அங்கே போய்க் கிடக்க வேண்டாம் என்பதுதான் எங்கள் ஏற்பாடு.

வல்லத்திராக்கோட்டைப் பக்கத்துத் தைலமரக் காடுகளில் வெட்டிய மரத்தை ஏற்றி, ரோட்டில் நிற்கும் லாரிவரை கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் வண்டியின் வேலை. காட்டுக்குள் பாதை என்று ஒன்றும் கிடையாது. செம்மண், வேர்க்கட்டை, மழை பெய்தால் சகதி. குலுங்குகிற குலுக்கலில் டேங்கின் அடியில் கிடக்கிற கசடெல்லாம் கிளம்பி வரும். டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி என்ஜின் பக்கம் தள்ளுகிற ஃபீடு பம்ப்தான் முதலில் மூச்சை விடும். டிரைவர் அண்ணன் சிக்னல் கிடைக்கிற மேடுவரை நடந்து வந்து போன் போடுவார்.

"வண்டி படுத்துருச்சு தங்கச்சி. பைப்புல அடைச்ச ஏர் எடுத்தும் பாத்துட்டேன், டீசல் ஏறமாட்டேங்குது."

டிரைவர் அண்ணன் வேலை அதோடு முடிந்தது. கழற்றிய பம்பை டீசல் வடிய வடியப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு நான் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறுவேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு சீட்டுக்குப் போவார்கள். போகட்டும், எனக்குத் தாராளமாக இடம் கிடைத்தது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் எனக்கு ஸ்டூல் போடுவார்கள், டீ வாங்கிக் கொடுப்பார்கள், பம்பைப் பற்றி மட்டும் என்னிடம் பேசமாட்டார்கள். அதற்கு வீடியோ காலில் என் கணவர் வர வேண்டும். கடைக்காரர் பம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார். நான் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"தம்பி, இது கம்பெனி சாமான். இது லோக்கல், ஆனா நல்லாத்தான் போகுது."

"தட்டிக் காட்டுங்கண்ணே, சத்தத்தக் கேப்போம்."

கடைக்காரர் சாவியால் தட்டுவார். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து இவர் காது கொடுத்துக் கேட்டு, இது இரும்பு, இது அலுமினியம் என்று தீர்ப்புச் சொல்வார். போனில் கேட்டால் எல்லாமே தகரம்தான். "ஏங்க, உள்ள இருக்கிற ரப்பர் எப்படின்னு கேளுங்க" என்றால், "நீ பேசாம இரு, கேமராவ ஆட்டாத" என்பார். என்ன கூத்து இது என்று தோன்றும். கேமராவை ஆட்டாமல் பிடித்துக்கொள்வேன்.

சத்தம் கேட்டுக் கடைசியில் எடுப்பது, இருப்பதிலேயே மலிவானதைத்தான். ஒரு பம்பில் உள்ளேயிருந்த ரப்பர் டீசலில் ஊறி உப்பிக் கிழிந்தது. இன்னொன்றில், ஏர் எடுக்கக் கையால் அழுத்துகிற பிளாஸ்டிக் குமிழ் காட்டு நடுவில் ஒடிந்து டிரைவர் அண்ணன் கையோடு வந்தது. ஒவ்வொரு தடவை வண்டி நின்றபோதும் என் கணவர் சொன்ன அந்த ஒரு வருஷம் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியது. ஒரு கல்யாணத்துக்கு நிம்மதியாகப் போக முடியாது, அம்மா வீட்டில் ஒரு ராத்திரி தங்க முடியாது. போன் அடித்தாலே பஸ்ஸுக்குச் சில்லறை தேடுவேன். காட்டுக்குள் சிக்கிக் கிடந்தது வண்டி மட்டும் இல்லை.

கடைசித் தடவை கடையில் அவர் முகம் போனில் வந்ததும் கட் பண்ணினேன்.

"சிக்னல் இல்லண்ணே" என்றேன்.

"இங்க ஃபுல்லா இருக்கே தங்கச்சி."

"அவருக்கு இல்ல. நீங்க எங்கிட்டயே சொல்லுங்க. எந்தப் பம்புக்கு ரப்பரும் வால்வும் ஒங்க கடையிலயே தனியாக் கெடைக்கும்?"

கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். விலை உசந்த பம்புக்கு உதிரிச் சாமான் திருச்சியிலிருந்து வர வேண்டுமாம், அதுவரை வண்டி காட்டில் காய வேண்டும். மலிவானதற்கு உதிரியே கிடையாது, கெட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருந்தது. கனத்த உடம்பு, அழுத்துகிற குமிழும் உலோகம், உதிரி எல்லாம் அலமாரியிலேயே. பழைய பம்பைப் பக்கத்தில் வைத்து ஸ்க்ரூ ஓட்டை பொருந்துகிறதா என்று பார்த்தேன். பொருந்தியது. கையோடு ஒரு செட் ரப்பரும் வாங்கிக்கொண்டேன். இனி வடிகட்டாமல் ஒரு சொட்டு டீசல் டேங்கில் ஊற்றக்கூடாது என்று டிரைவர் அண்ணனிடமும் கறாராகச் சொல்லிவிட்டேன். கசடை ஊற்றிவிட்டுப் பம்பைத் திட்டி என்ன செய்ய?

வண்டி ஓடியது. ஐப்பசி மழையில் ஓடியது, சித்திரை வெயிலிலும் ஓடியது. நான் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். வருஷம் நெருங்கியதும் முன்னறைக்கு வெள்ளையடித்தேன். ஆட்டம் கண்டிருந்த கட்டில் காலைச் சரிபண்ணினேன்.

"வருஷம் முடிஞ்சிருச்சுங்க. வண்டி ஒரு நாள்கூட நிக்கல" என்று போனில் சொன்னேன்.

"நெசமாவா? கெட்டிக்காரிதான் நீ. பம்பு எந்தப் பம்பு?"

"நானே பாத்து எடுத்தது. அன்னைக்கு போனக் கட் பண்ணதும் நான்தான்."

அவர் வெகுநேரம் சிரித்தார். கோபப்படுவார் என்று பயந்திருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, "இங்க இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார்.

"வண்டி ஓடுனா வாரேன்னு சொன்னீங்களே."

"அதான் ஓடுதுல்ல. நான் அங்கிட்டு வந்து என்ன பண்ணப்போறேன், சொல்லு."

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் அவர் குரலில் கேலி இல்லை, நிசமாகவே தெரியாமல்தான் கேட்டார். வண்டி ஓட்ட டிரைவர் அண்ணன் இருக்கிறார். லோடு பேசுவது நான், டீசல் வாங்குவது நான், பம்பும் நான்தான். அவருக்கென்று ஒரு வேலை சொல்லத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

"சும்மா வந்து இருங்க" என்றேன்.

"சும்மா எப்படி இருக்கிறது?" என்றார்.