வெறுங்காலில் நடந்து பார்க்கும் வேலை

தரையில் கறுப்பு ரப்பர் மேட்டை விரித்து, ஓரங்களில் டேப் ஒட்டி, வெறும் தண்ணீரில் துடைத்து, ஃபேனில் காயவிட வேண்டும். பினாயில் கூடாது, வழுக்கும். காய்ந்த பிறகு அதன்மேல் செருப்பில்லாமல், உள்ளங்காலைத் தேய்த்துத் தேய்த்து, ஒரு இடம் விடாமல் நடந்து பார்க்க வேண்டும். ஆடுகிறவர்கள் எல்லோரும் வெறுங்கால். கண்ணுக்குத் தெரியாத மணலும் குண்டூசியும் காலுக்குத் தெரிந்துவிடும் என்று நடனம் நடத்துகிற மேடம் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, இது மட்டும் தவறக் கூடாது என்றார்.

மகாபலிபுரத்திலிருந்து கல்பாக்கம் போகும் சாலையில் ஒரு சின்ன விசேஷ மண்டபம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை அதை மேடம் வாடகைக்கு எடுத்து நவீன நடனம் நடத்துவார். ஒவ்வொரு முறையும் இரண்டு பேர். ஒருவர் நம் பக்கத்து ஆள், இன்னொருவர் ஊர் ஊராகப் போய் ஆடுகிறவர். மேடை கிடையாது. தரையில் மேட், அதைச் சுற்றி மூன்று பக்கம் நாற்காலி. நாற்காலி போடுவதும் என் வேலைதான்.

அதற்கு முன் சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் மெஷின் ஓட்டினேன். காண்ட்ராக்ட் முடிந்தது, வரவேண்டாம் என்றார்கள். வீட்டில் உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. காலையில் எழுந்தால் சாயங்காலம் வந்துவிடும். அவ்வளவுதான். என் மனைவிக்குத்தான் அது பொறுக்கவில்லை.

"வூட்ல உக்காந்துகினு செவுத்தையே பாத்துகினு இருந்தா, செவுரு இன்னா உன்னாண்ட பேசவா போவுது?" என்றாள்.

மண்டபத்து மேனேஜர் அவளுக்குத் தூரத்து உறவு. அவள் சொல்லி இந்த வேலை கிடைத்தது. நிகழ்ச்சி இருக்கும் வாரத்தில் ஒத்திகைக்கும் போக வேண்டும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்.

ஆட்டம் எனக்குப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். பாட்டு இருக்காது, சில சமயம் சத்தமே இருக்காது. ஒருவர் வெகுநேரம் ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்பார். விழுவார், எழுவார், மறுபடி விழுவார். நாற்காலியில் இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். முடிந்ததும் சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பின்னால் நின்றுகொண்டு எனக்கும் ஏதாவது ஆகிறதா என்று பார்ப்பேன். டேப் தூக்கிக்கொண்ட மூலைதான் கண்ணில் படும்.

நம் பக்கத்து ஆட்களில் மதுராந்தகத்துப் பெண் ஒருத்தி. செங்கல்பட்டில் துணிக்கடையில் சேல்ஸ் வேலை. மேடம் நடத்திய வகுப்பில் சேர்ந்து இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவள். கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஒத்திகைக்கு வருவாள். அவளுடைய ஆட்டம் முழுக்க தரையோடுதான். உள்ளங்காலை இழுத்துக்கொண்டே சுற்றுவாள், முட்டி தேய, முதுகு தேய, கடைசியில் கன்னத்தைத் தரையில் வைத்து நகர்வாள். இங்கே வருவதற்கு முன்னால் அச்சிறுபாக்கத்துப் பக்கம் திருவிழா மேடை ஒன்றில் ஆணி குத்தி, அது சீழ் வைத்து, பல மாதம் ஆடாமல் கிடந்தவள். அதனால் முதலில் வந்த நாட்களில் மேட்டில் கால் வைக்கும்முன் குனிந்து குனிந்து பார்ப்பாள். அப்புறம் அதை விட்டுவிட்டாள். "அண்ணே நடந்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்பாள். நான் தலையாட்டினால் போதும், நேராகப் போய்ப் படுத்துவிடுவாள்.

எனக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. மாத்திரை போடுகிறேன். ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தேன். வாசலில் நின்ற மனைவி என் காலைப் பார்த்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது எங்கே கழன்றது என்று தெரியவில்லை. பஸ்ஸிலா, ரோட்டிலா, ஒன்றும் தெரியவில்லை. மறதி என்று சொல்லிவிட்டேன். அவளும் விட்டுவிட்டாள்.

பிறகு ஒரு நிகழ்ச்சி முடிந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் வைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். என் குதிகாலில் ஒரு பேப்பர் பின் தலைவரை இறங்கியிருந்தது. மண்டபத்துச் சுவரில் போஸ்டர் குத்துகிற மஞ்சள் தலைப் பின். அன்று மதியம் மேட்டில் நடந்தபோது ஏறியதாகத்தான் இருக்கும். அதோடு நாற்காலி அடுக்கி, பஸ் ஏறி, நடந்து வந்திருக்கிறேன். அவள் பிடுங்கினாள். பிடுங்கியதும் தெரியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"இன்னா மனுஷன்யா நீ" என்றாள். திட்டுகிற குரல் இல்லை அது.

திங்கட்கிழமை செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். சின்ன வயசு டாக்டர் அம்மா. என்னைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் நரம்பால் உள்ளங்காலில் அங்கங்கே தொடுவதாகவும், தொட்டது தெரிந்தால் சொல்லும்படியும் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் தெரியவில்லை. எத்தனை நேரம்தான் சும்மா இருப்பது. டாக்டருக்குச் சங்கடமாக இருக்குமே என்று, "படுதுங்க" என்றேன்.

"நான் இன்னும் வைக்கவே இல்லீங்களே" என்றார்.

பக்கத்து நாற்காலிகளில் வரிசையாக இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. டாக்டர் சொன்னது இரண்டு விஷயம். வீட்டுக்குள்கூட வெறுங்காலில் நடக்கக் கூடாது. தினமும் சாயங்காலம் யாராவது உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் எனக்குக் காயம் பட்டாலும் தெரியாது.

பஸ்ஸில் வரும்போது மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அந்த மேடத்தாண்ட சொல்லிடு. வேல போனா போவுது. உன் காலு மரத்துப் போச்சு, செரி. அந்தப் பொண்ணு காலு இன்னா உன் காலா?"

சொல்கிறேன் என்றேன். அடுத்த மாதம் ஒத்திகைக்குப் போனபோது இரண்டு முறை மேடம் எதிரில் போய் நின்றேன். "சொல்லுங்க" என்றார். ஒரு முறை டேப் தீர்ந்துவிட்டது என்றேன். இன்னொரு முறை நாற்காலி ஒன்று ஆடுகிறது என்றேன். எனக்கு யாரிடமும் என்னைப் பற்றிப் பேசிப் பழக்கமில்லை. அந்த வாரம் அந்தப் பெண்ணுடைய நிகழ்ச்சி. வெளியூர்களில் ஆட நம் பக்கத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற ஒருவர் அன்று வருகிறார் என்று பேசிக்கொண்டார்கள். அவருக்குப் பிடித்துவிட்டால் பெங்களூரு, கொச்சி என்று நாலைந்து ஊர் போகலாம். கடையில் சொல்லி வைத்திருக்கிறாளாம், கிடைத்தால் நின்றுவிடுவேன் என்று. காலில் ஒரு கீறல் விழுந்தால் எல்லாம் அதோடு நின்றது. இது எனக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில் மண்டபத்தில் ஒரு வளைகாப்பு. பன்னிரண்டுக்குள் காலி செய்வதாகச் சொன்னவர்கள் மூன்று மணிக்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் பூவும் வளையல் துண்டும். பெருக்கி, துடைத்து, மறுபடி பெருக்கி, மேட்டை விரிக்கும்போதே நான்கு தாண்டிவிட்டது. கடைசி டேப் ஒட்டும்போது இரண்டு பெண்கள் மறந்துவிட்ட தாம்பாளத்தை எடுக்க வந்தார்கள். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மேட்டின் குறுக்கே நடந்தார்கள். தாம்பாளத்தில் மீதி வளையல்கள். நடுவில் வரும்போது ஒரு கொத்து சரிந்து விழுந்தது. பச்சையும் சிவப்புமாகச் சிதறியது. "ஐயோ, ஸாரிங்க" என்று பெரிய துண்டுகளை அவர்களே பொறுக்கிக்கொண்டு போனார்கள்.

துடைப்பத்தால் கூட்டினேன். ஈரத்துணியால் துடைத்தேன். அப்புறம் நடந்து பார்க்க வேண்டும். மேடம் தேர்ந்தெடுக்க வருகிறவரை அழைத்து வரப் போயிருந்தார். லைட் போடுகிறவர் ஏணியில் இருந்தார். அவரைக் கூப்பிட்டு நடக்கச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

செருப்பைக் கழற்றாமல் ஓரத்தில் மண்டியிட்டேன். இரண்டு உள்ளங்கையையும் மேட்டில் வைத்து, காலால் செய்வதைக் கையால் செய்ய ஆரம்பித்தேன். தேய்த்து, நகர்ந்து, மறுபடி தேய்த்து.

"இன்னா அண்ணாத்த, வேண்டுதலா?" என்று ஏணியிலிருந்து குரல் வந்தது.

ஓரத்து லைட்டைத் தாழ்வாக வைத்துப் போடும்படி கேட்டேன். போட்டார். வெளிச்சம் தரையோடு தரையாக வந்ததும் அங்கங்கே மினுக்கென்றது. ஒவ்வொன்றையும் விரல் நுனியில் ஒற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பாதி மேட் முடிந்திருக்கும். ஆடை மாற்றிக்கொண்டு அந்தப் பெண் வந்து ஓரத்தில் நின்றாள்.

"இன்னாண்ணே, நடக்கலயா?"

தலை நிமிரவில்லை. "காலுக்குத் தெரியலம்மா" என்றேன். "சக்கர. குத்துனாலும் தெரியறதில்ல."

அவள் தன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டதை மட்டும் பார்த்தேன். எத்தனை நாளாக என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"கைக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"அப்போ கையாலயே பாருங்க. முடிச்சுட்டுச் சொல்லுங்க. அப்புறம்தான் நான் வருவேன்."

அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வழக்கமாகப் பேசிக்கொண்டே வருவார்கள். அன்று நுழைந்தவுடன் பேச்சு நின்றது. கறுப்புத் தரை, ஒரே ஒரு ஓரத்து லைட், நடுவில் நாலு காலில் ஒரு ஆள். சத்தமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஆட்டம் தொடங்கிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள்.

கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில்கூட ஓரத்து இலை தேடுகிற ஆள் நான். எழுந்து ஓடியிருப்பேன். ஆனால் இன்னும் கால் பங்கு மேட் பாக்கி இருந்தது. அவள் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். குனிந்த தலை குனிந்தபடி தேய்த்துக்கொண்டு போனேன். யாரோ இருமினார்கள். யாரோ போனைத் தூக்கிப் பிடித்தது தெரிந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது.

கடைசி மூலையில், டேப்பின் விளிம்பில், வலது உள்ளங்கையில் சுருக்கென்றது. பச்சைச் சில்லு. லைட்டில் தெரியாமல் டேப்புக்கு அடியில் பாதி நுழைந்திருந்தது. அவள் கன்னத்தை வைத்து நகர்கிற இடம் அது. பிடுங்கினேன். ரத்தம் மேட்டில் படாமல் கையை மடக்கிக்கொண்டேன். வலித்தது. நன்றாக வலித்தது.

எழுந்து நின்றேன். முட்டி பிடித்துக்கொண்டது. அவளைப் பார்த்துத் தலையாட்டினேன். உடனே கை தட்டினார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் கும்பிட்டுவிட்டு, வந்த வழியை விட்டு, சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டேன்.

அவள் ஆடியதைக் கதவு இடுக்கில் நின்று பார்த்தேன். ஆட்டத்தைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அவள் உள்ளங்கால் எப்போதெல்லாம் மேலே தெரிகிறதோ அப்போதெல்லாம் அதைப் பார்த்தேன். கடைசியில் கன்னத்தை வைத்து அந்த மூலைக்கு நகர்ந்து வந்தபோது மட்டும் வேறெங்கோ பார்த்தேன். கைதட்டல் கேட்டதும் திரும்பினேன். எழுந்து நின்றிருந்தாள். கன்னத்தில் தூசிதான்.

ஆட்டம் முடிந்ததும் கேள்வி கேட்கிற நேரம் உண்டு. கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து, தொடக்கத்தில் ஒரு பெரியவர் தரையைத் தடவினாரே, அது எதைக் குறிக்கிறது என்று கேட்டார். பின்னால் மாப்புடன் நின்ற எனக்குக் காது சுட்டது.

"எதையும் குறிக்கல சார்" என்றாள். "காலைல இங்க வளைகாப்பு, கண்ணாடி கெடந்துச்சு. எப்பவும் கால்ல நடந்துதான் பாப்பாரு. அவருக்குக் கால்ல உணர்ச்சி போயிடுச்சு. அதனால கையால பாத்தாரு."

எல்லாத் தலையும் திரும்பியது. மேடமும் திரும்பிப் பார்த்தார். என்னால் சொல்ல முடியாமல் இருந்ததை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அப்புறம் வேறு கேள்விக்குப் போய்விட்டார்கள்.

நாற்காலி அடுக்கும்போது மேடம் வந்தார். முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்றார். ஆமாம் என்றேன். வேலையை விட்டு நிறுத்தவில்லை. அடுத்த மாதத்திலிருந்து முதலில் நான் கையால் பார்ப்பேன், பிறகு லைட்காரர் ஷூவைக் கழற்றிவிட்டு நடப்பார். "உன்னால என் சாக்ஸு ஓட்டை ஊருக்கே தெரிஞ்சுபோச்சு அண்ணாத்த" என்பார்.

அந்தப் பெண் தேர்வானாள். துணிக்கடையை விட்டு நின்றாள். கிளம்பும் முன் மண்டபத்துக்கு வந்து, இரண்டு உள்ளங்காலையும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள். விளையாட்டுக்குத்தான். வெளியூர் மேடைகளில் ஆடுவதற்கு முன் அவளே மண்டியிட்டுத் தரை முழுக்கக் கையால் தேய்த்துப் பார்க்கிறாளாம். அதையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளும்படி அந்தத் தேர்ந்தெடுத்தவர் சொல்லிவிட்டாராம். கொச்சியில் எடுத்த வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தாள்.

மனைவியின் போனில்தான் பார்த்தோம். காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அவள் என் கால் பார்க்கிற நேரம். வீடியோ முடிந்ததும் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாகத்தான் செய்கிறாள் என்றேன். அவ்வளவுதானா என்றாள். அவ்வளவுதான்.

அந்தப் போனிலேயே டார்ச்சைப் போட்டு, என் வலது காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். விரலிடுக்கு, குதி, ஓரம் எல்லாம் தடவிப் பார்த்தாள். அவள் கை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் குனிந்து பார்த்தேன்.