கறிக்கடைக்காரியும் லாரி முதலாளியும்

மகளைப் பறிகொடுத்த பிறகு கறிக்கடைக்காரி ஒரே விஷயத்துக்காகத்தான் உயிரோடு இருந்தாள். லாரி முதலாளி நாசமாய்ப் போவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். இதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. எலும்பை வெட்டிக்கொண்டே, "அவனைப் பொட்டலம் கட்டாம நான் கண்ணை மூட மாட்டேன்" என்பாள். கறி வாங்க வந்தவர்கள் பையை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

மகள் நர்ஸ். இரவு வேலை முடிந்து, ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். மேட்டிலிருந்து ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று தறிகெட்டு இறங்கி, பஸ் நிறுத்தத்தை அப்படியே வாரிச் சுருட்டிக்கொண்டு போய்ச் சுவரில் மோதி நின்றது. அவளோடு பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் மனைவியும், புதிதாகக் கல்யாணமான தச்சன் ஒருவனும் அங்கேயே போய்விட்டார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியவர்கள், சற்று முன்புவரை அவளோடு வேலை பார்த்தவர்கள்.

முதலாளி மாலையோடு துக்கம் விசாரிக்க வந்தார். வாசலில் நின்ற டிவிக்காரர்களிடம், "டிரைவர் தூங்கிட்டான். நான் என்ன பண்ண முடியும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணில் பொட்டு ஈரம் இல்லை. அன்றைக்கே அவள் மனசில் அவர் பெயருக்குக் கீழே கோடு விழுந்துவிட்டது.

தூங்கிவிட்டதாக டிரைவரும் ஒப்புக்கொண்டு ஜெயிலுக்குப் போனான். முதலாளியின் மற்ற லாரிகள் அதே இறக்கத்தில் ஜாம்ஜாமென்று ஓடிக்கொண்டிருந்தன.

மேட்டு முனையில் லாரிகளை நிறுத்தி பிரேக்கைச் சோதிக்க ஒரு சாவடி வேண்டும் என்று வாத்தியார் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். தச்சனின் பெண்டாட்டியும் கூடப் போவாள். கறிக்கடைக்காரியும் போய்க் கோரிக்கை அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆனால் மனசு அதில் இல்லை.

"சாவடி வந்துட்டா இன்னொரு வீட்டுல இழவு விழாதும்மா" என்பார் வாத்தியார்.

"அது சரி சார். என் வீட்டுல விழுந்ததுக்கு யாரு பதில் சொல்றது?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

தண்டனை முடிந்து வெளியே வந்த டிரைவர் ஒருநாள் காலை கடைவாசலில் வந்து நின்றான். அவளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. "எவ்வளவு வேணும்?" என்றாள்.

"கறி வாங்க வரலைக்கா. அந்த லாரியை ஓட்டினது நான்தான்."

கத்தி பலகையில் குத்திக்கொண்டு நின்றது. வரிசையில் நின்றவர்கள் தாமாகவே விலகினார்கள்.

"என் பொண்ணைக் கொன்னுட்டு வந்து அக்காங்கறியா? உன்னை வெட்டிப் போட்டா நாய்கூட மோந்து பாக்காது. எதுக்கு வந்தே?"

"நான் தூங்கலை" என்றான் அவன். "பிரேக் பிடிக்கலை. அதுக்கு முன்னாடியே பிடிக்கலைன்னு முதலாளிகிட்ட சொன்னேன். மெக்கானிக்கும் சொன்னான். 'ஓட்டறதுன்னா ஓட்டு, இல்லேன்னா சாவியை வெச்சுட்டுப் போ'ன்னாரு. அப்புறம், 'தூங்கிட்டேன்னு சொல்லிடு, உங்கம்மாவை நான் பாத்துக்கறேன்'னாரு. நான் உள்ளே இருக்கும்போது அம்மா கேக்க நாதியில்லாம செத்துப்போச்சு. அவரு எட்டிக்கூடப் பாக்கலை."

அவளுக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. இத்தனை காலம் காற்றில் துழாவிய கைக்கு முதலாளியின் குரல்வளை அகப்பட்டதுபோல் இருந்தது.

"பிரேக் இல்லைன்னு தெரிஞ்சும் ஏறி உக்காந்தியே. நீயும் கொலைகாரன்தான்."

"ஆமாக்கா."

"முதல்ல அந்த அக்காவை விடு. மன்னிப்பு எங்கிட்ட கெடைக்காது. இதையே கோர்ட்டுல வந்து சொல்லுவியா?"

"அதுக்குத்தான் வந்தேன்."

வியாபார நேரத்திலேயே ஷட்டரை இறக்கிவிட்டு, அவனை முன்னால் நடக்கவிட்டு வாத்தியார் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். தச்சனின் பெண்டாட்டியையும் வரவழைத்தார்கள். அவள் வந்ததும் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அப்புறம் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள்.

வாத்தியார் ஒரு வக்கீலைப் பிடித்தார். வழக்கு மறுபடி எழுந்தது. ஆனால் மெக்கானிக் வாயைத் திறக்க மறுத்தான். அவன் பிழைப்பு முதலாளி கையில். கறிக்கடைக்காரி அவன் பட்டறைக்குப் போனாள். அவன் லாரிக்கு அடியில் படுத்திருந்தான். குனிந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உன் பொண்ணு காலேஜுக்குப் போக எந்த ஸ்டாப்புல நிக்கிறா?"

அது கேள்வியா மிரட்டலா என்று அவளுக்கே தெரியாது. மெக்கானிக்குக்கு வியர்த்துவிட்டது. அடுத்த விசாரணையில் அவன் சாட்சிக் கூண்டில் ஏறினான்.

காற்று திசைமாறுவதைக் கண்டு முதலாளி கடைக்கே வந்தார். "அம்மா, அந்த இடத்துல நல்லதா ஒரு நிழற்குடை கட்டித் தர்றேன். பொண்ணு பேரையே பெருசா போட்டுடலாம்."

"போடுங்க. கொன்னவன் பேரையும் பக்கத்துலயே போடுங்க. வர்றவங்க போறவங்க தெரிஞ்சுக்கட்டும்."

அவர் காருக்குத் திரும்பினார். கடைக்கு முன் ஓடிய கழிவுநீரில் அவருடைய வெள்ளைச் செருப்பு நனைந்தது. அது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

தீர்ப்பு வந்தது. முதலாளிக்கு ஜெயில், லாரிகள் ரோட்டில் இறங்கக் கூடாது. போலீஸ் வேனை நோக்கி அவரை நடத்தி வந்தபோது கறிக்கடைக்காரி வழியிலேயே நின்றாள். அவர் முகத்தில் காறித் துப்ப வேண்டும், மண்ணை வாரித் தூற்ற வேண்டும் என்று எவ்வளவோ நினைத்து வைத்திருந்தாள். கடைசியில் நிதானமாக, "பிரேக் பிடிக்குதான்னு கேட்டுட்டு ஏறுங்க" என்றாள். முதலாளி படியில் ஒரு கணம் கால் வைக்காமல் நின்றார். பின்னால் வந்த போலீஸ்காரர் அவரைத் தள்ளி ஏற்றினார்.

"மனசு ஆறிச்சாம்மா?" என்று வாத்தியார் கேட்டார்.

"இல்லை சார். ஆனா நல்லா இருந்தது."

வழக்கைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு கிளம்பியதில் வாத்தியார் கேட்ட சாவடியும் வந்தது. திறந்த அன்று அவரும் தச்சனின் பெண்டாட்டியும் அங்கே போய் அழுதார்கள். கறிக்கடைக்காரி அழவில்லை. கடை விடுமுறை நாட்களில் மட்டும் போய் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அங்கே உதவிக்கு நின்ற பழைய டிரைவர் அவளைப் பார்த்தால் எழுந்து நிற்பான். அவள் அவனோடு பேசுவதில்லை.

ஒருநாள் பிரேக் சரியில்லாத லாரி ஒன்றை மடக்கி நிறுத்தினார்கள். அதன் சொந்தக்காரர் காரில் பறந்து வந்து, "சரக்கு இன்னிக்கே போயாகணும், யார் நஷ்டத்தைக் கட்டறது?" என்று சோதனை அதிகாரியிடம் குதித்தார். கறிக்கடைக்காரி முக்காலியை விட்டு எழுந்தாள். நெருங்கிப் போய் அவர் முகத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடுத்தது நீங்களா?"

அவள் யாரென்று அவருக்குத் தெரிந்திருந்தது. லாரியைத் திருப்பச் சொல்லிவிட்டு அவர் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.