திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமைகள்

என் மகளுக்கு வீரகேரளம்புதூரிலிருந்து ஒரு வரன் வந்தது. வந்து பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள், நிச்சயத்துக்கு நாள் குறிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதோடு பேச்சு நின்றுபோனது. போன் செய்தால் எடுக்கவில்லை. நடுவில் நின்று பேசிய உறவுக்காரர்தான் கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பிள்ளைக்கு ஃபிட்ஸ் உண்டுன்னு சொல்லுதாங்க. ஒங்க சபையிலதான் விசாரிச்சிருக்காங்க."

யாரிடம் விசாரித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. என் மகளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது காய்ச்சல் அதிகமாகி ஒரே ஒரு தடவை வலிப்பு வந்தது. என் கணவர் அன்று ஊரில் இல்லை. கையும் காலும் ஓடாமல் நான் நின்றுகொண்டிருக்க, பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் ஆட்டோ பிடிக்க ஓடியவள் பக்கத்து வீட்டுக்காரி. கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த புதிது அவளுக்கு. காய்ச்சலில் சில பிள்ளைகளுக்கு இப்படி வரும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதையும் என் பக்கத்தில் நின்று கேட்டாள். பிறகு என் மகளுக்கு அது வரவே இல்லை. எங்கள் வீட்டைத் தாண்டி அந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. ஃபிட்ஸ் வந்தது என்பதைச் சொல்லிவிட்டு, காய்ச்சலையும் வயதையும் விழுங்கிவிட்டாள். அதே மாப்பிள்ளை வீட்டுக்கு அவளுடைய அண்ணன் மகள் போட்டோவும் போயிருந்தது என்று பின்னால் தெரிந்தது. அதுவும் கூடிவரவில்லை. கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நான் பல வருடம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவள். நாக்கைப் பற்றி சாலொமோன் சொன்னது, யாக்கோபு எழுதியது எல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த நாட்களில் வேதாகமத்தில் நான் திறந்ததெல்லாம் சங்கீதங்களைத்தான். அதிலும் எதிரியின் பல்லை உடைக்கச் சொல்லி, அவன் பெயரே இல்லாமல் போகச் சொல்லிக் கடவுளிடம் கேட்கிற சங்கீதங்களை. சின்னப் பிள்ளைகளுக்கு நாங்கள் அவற்றைச் சொல்லிக்கொடுப்பதில்லை. காலையில் பால் காய்வதற்குள் ஒன்று, துணி காயப்போட்டுவிட்டு வந்து ஒன்று என்று வாசித்தேன். அவள் வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசித்தேன்.

சண்டை போடவில்லை. பேச்சை மட்டும் நிறுத்தினேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஐயர் அந்தப் பிரசங்கத்தைச் செய்தார். எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். இயேசு மலையில் சொன்ன போதனைகளில் ஒரு பகுதியை எடுத்தார். காணிக்கையோடு பீடத்தின் அருகில் நிற்கும்போது யாருக்கோ உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று ஞாபகம் வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு, முதலில் போய் அந்த ஆளோடு சமாதானமாக வேண்டும் என்கிற பகுதி. அதைச் செய்யாமல் திருவிருந்துக்கு வராதீர்கள் என்று ஐயர் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். எனக்கு முன் வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலை தாழ்ந்துகொண்டே போனதைப் பார்த்தேன்.

எங்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்து. முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். காபி போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் ஒரு வார்த்தை கூடுதலா பேசிட்டேன். மன்னிச்சேன்னு சொல்லுங்கக்கா."

"காபி ஆறிரும், குடி" என்றேன்.

திட்டியிருந்தால் அவளுக்கு அழுதுவிட்டுப் போக வசதியாக இருந்திருக்கும். தண்ணீர் வருகிற நேரத்தை மாற்றிவிட்டார்கள் என்பதைப் பற்றிப் பேசினேன். அவள் எழுந்து போனாள்.

மறுநாள் வரிசை வரிசையாக எல்லோரும் பீடத்துக்குப் போனபோது அவள் மட்டும் எழவில்லை. அவள் கணவர் சபைக் கமிட்டியில் இருப்பவர். தனியாக நடந்து போய் முழங்கால் போட்டார். நான் அப்பமும் ரசமும் வாங்கிவிட்டுத் திரும்பி வரும்போது அவளைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். வேதத்தையே பூட்டாக மாற்றி அவள்மேல் போட்டாயிற்று, சாவி என் இடுப்பில் இருக்கிறது என்று தோன்றியது. அந்த நிம்மதியை எந்த ஜெபமும் எனக்குத் தந்ததில்லை.

அடுத்த மாதமும் வந்தாள். அவரைக்காய் நறுக்கிக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டேன். அதற்கடுத்த மாதம் அழுதாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். சபையில் பெண்கள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்திருந்தார்கள். என்ன பாவமோ என்று ஒருத்தி என்னிடமே கேட்டாள். எனக்கென்ன தெரியும் என்றேன். என் மகள் கழுத்தில் தாலி ஏறுகிற வரைக்கும் இவள் அந்த பெஞ்சில்தான் உட்கார வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் சேர்ந்து சொல்கிற ஜெபத்தில் மற்றவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்று வருகிற இடத்தில் வாயை மூடிக்கொள்வேன். அந்த வரி தாண்டியதும் திரும்பவும் சேர்ந்துகொள்வேன்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கி, தென்காசியிலும் சாரல் அடித்துக்கொண்டிருந்த சமயம். அந்த மாதச் சனிக்கிழமை அவள் வரவில்லை. சலித்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் நான் பீடத்தின் முன் முழங்கால் போட்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு சேலை உரசியது. திரும்பினால் அவள். கையை நீட்டி, கண்ணை மூடி, அப்பத்தை வாங்கினாள்.

ஆராதனை முடிந்ததும் நேராக ஐயரிடம் போனேன். நான் இன்னும் ஒப்புக்கொள்ளாமல் அவள் எப்படி வரலாம் என்று கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, அவள் தன்னிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னாள் என்றார்.

"யாரப் பத்திப் பேசினீங்களோ அவங்கள்ட்ட கேட்டீங்களான்னு கேட்டேன்மா. இல்லைன்னாங்க. முதல்ல அங்க போங்கன்னு அனுப்பினேன்."

என் மகள் குற்றாலத்தில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். அருவிக்கு வந்து பாறையில் வழுக்கி விழுந்தவர்களால் சீசனில் அங்கே உட்கார இடம் இருக்காது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நனைந்த சேலையோடு இவள் வந்து உட்கார்ந்திருந்தாளாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் வெளியே வந்து, ஐந்தருவி ரோட்டில் ஒரு டீக்கடையில் நின்று பேசியிருக்கிறார்கள். டீ குடித்து முடிப்பதற்குள் பேச்சும் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டேன்.

"ஆமா, சித்தி வந்தாங்க. சரி விடுங்கன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"என்னட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"என்னைப் பத்தித்தானம்மா சொன்னாங்க. ஒன்னைப் பத்தியா சொன்னாங்க?"

அவ ஒன் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டவ என்று கத்தினேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே நிதானமாகப் பேசினாள். அந்த வீட்டில் போய் வாழ்ந்திருந்தால் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் தன்னைப் பயந்து பயந்து பார்த்திருப்பார்கள், தப்பித்ததாக வைத்துக்கொள் என்றாள். அவளோடு சில நாள் சரியாகப் பேசாமல் இருந்தேன்.

பிறகு இலத்தூரில் இருந்து ஒரு பையன் வந்தான். முதல் பேச்சிலேயே அவளாகவே அந்த வலிப்பைச் சொல்லிவிட்டாள். சின்ன வயதில் தனக்கு வாய் திக்கும் என்று அவனும் சொன்னானாம். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பக்கத்து வீட்டுக்குப் பத்திரிகை வைத்தது மகள்தான், நான் போகவில்லை. அவள் வந்தாள். பந்தியில் ஆள் போதவில்லை என்றதும் முந்தானையைச் செருகிக்கொண்டு சோறு போட்டாள். சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போதும் சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். குப்பை வண்டி வந்தால் எனக்கும் சேர்த்துக் குரல் கொடுக்கிறாள். மன்னித்தேன் என்று நான் இதுவரை சொல்லவில்லை. அவள் கெஞ்சி நின்ற நாட்களில் சொல்லியிருந்தால் அது என் கையால் கொடுத்ததாக இருந்திருக்கும். இப்போது அவள் அதைக் கேட்பதே இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் அவள்மேல் எனக்குக் கோபம்.