பையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை

என் வீட்டுக்காரரின் அக்கா தையல்காரி. வயது ஐம்பத்தாறு. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். ஏன் என்று துருவுகிறவர்களிடம், "நீங்க பண்ணி என்ன கிழிச்சீங்க?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைப்பார். அந்த வாய்க்குப் பயப்படாதவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஆனால் வெளியூர் கிளம்பினால் மட்டும் அண்ணிக்கு நாங்கள் கொடுக்கும் வேலை ஒன்றுதான்: பையைப் பார்த்துக்கொள்வது. நாங்கள் படகில் போவோம், குன்று ஏறுவோம். அண்ணி ஏதாவது ஒரு பெஞ்சில் ஏழு பைகளோடு உட்கார்ந்திருப்பார். நானும்தான் என் பையை அந்தக் குவியலில் போட்டுவிட்டு நடையைக் கட்டியிருக்கிறேன். யோக்கியம் பேச மாட்டேன்.

இந்த வருஷம் லீவுக்கு, இரண்டு நாள் தங்குவதாக, ஓர் ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போனோம். ஏரியைச் சுற்றி ஒன்பது கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை. வாசலிலேயே வாடகை சைக்கிள் கடை. நாலு பேர் உட்கார்ந்து மிதிக்கிற வண்டி ஒன்றை என் வீட்டுக்காரர் பேசி முடித்தார். அவர், நான், எங்கள் இரண்டு பெண்கள். அத்தோடு இடம் தீர்ந்தது.

"அக்கா, நீ இந்த நிழல்ல உக்காரு. பைய..."

"எனக்கு ஒரு சைக்கிள் சொல்லுடா."

"யாருக்கு?"

"எனக்குத்தான். காது அடைச்சுக்கிச்சா?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு மாதமாக மத்தியானத்தில் கடையைச் சாத்திவிட்டு, பின்சந்தில், பக்கத்து லாண்டரிக்காரியின் சைக்கிளில் பழகியிருக்கிறார். முழங்கைக் காயத்தை இஸ்திரிப் பெட்டி சுட்டது என்று எங்களிடம் புளுகியிருக்கிறார்.

"இந்த வயசுல உனக்கு எதுக்குக்கா இதெல்லாம்?"

"முப்பது வருஷமா மெஷின மிதிக்கிறேன். ஒரு அடி நகர்ந்திருக்கேனா? இன்னிக்கு இந்த ஏரிய ஒரு முழுச் சுத்து சுத்தணும். தனியா. அவ்வளவுதான்."

கடைக்காரர் இடையில் புகுந்தார். "அம்மா, மூணு சக்கர வண்டி இருக்கு. விழவே விழாது."

"அதுல உங்க மாமியார ஏத்துங்க. எனக்கு ரெண்டு போதும்."

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. பட்டுத்துணியில் தையல் ஓட்டும்போது வைத்துக்கொள்ளும் அதே முகம். கொஞ்ச தூரத்தில் படகுத்துறைக்கு இறங்கும் சரிவு வந்தது. வண்டி வேகம் பிடித்தது. அண்ணி நிறுத்தப் பார்த்தார். தையல் மெஷினை நிறுத்த வலது உள்ளங்கையைச் சக்கரத்தின் மேல் வைப்பார்கள். முப்பது வருஷப் பழக்கம், சொன்னால் கேட்குமா? கை ஹாண்டில்பாரை விட்டுவிட்டுக் காற்றில் சக்கரத்தைத் தேடியது. சந்தில் காலை ஊன்றியே நிறுத்திப் பழகியவருக்கு பிரேக் என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. வண்டியும் அண்ணியும் செடிவேலிக்குள் போனார்கள்.

அலறிக்கொண்டு ஓடினோம். முழங்காலில் சிராய்ப்பு. உடுப்பில் ஒரு சாண் கிழிசல்.

"கையால எதத் தேடுனீங்க அத்தை?" என்றாள் என் சின்னவள்.

"உங்கப்பனோட மூளைய."

என் வீட்டுக்காரர் கொதித்துப் போனார். "போதும்! பேசாம வந்து பெஞ்சுல உக்காரு. நாலு பேர் பாக்குறாங்க, மானம் போகுது."

"விழுந்தது நான். உன் மானம் எங்கடா போச்சு?"

அண்ணி கைப்பையைத் திறந்தார். கிழிசலுக்கு நாலு ஊக்கு குத்தினார். பிறகு நூல்கண்டை எடுத்து, வலது மணிக்கட்டையும் ஹாண்டில்பாரையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி என்னிடம் நீட்டினார்.

"முடிச்சுப் போடு."

"கையக் கட்டிக்கிட்டு ஓட்டப் போறீங்களா அண்ணி? பைத்தியமா?"

"ஒத்த நூல்தான். இழுத்தா அறுந்துரும். கை கிளம்புனா சுருக்குன்னு ஞாபகப்படுத்தும். அது போதும்."

போட்டேன். என் வீட்டுக்காரர் முறைத்தார். முறைக்கட்டும்.

"அப்ப பைய யாரு பாத்துக்குறது?" என்றார்.

"நீங்கதான் இருக்கீங்களே" என்றேன்.

அண்ணி போய்விட்டார். எங்களுக்கு வண்டியில் ஏற மனசு வரவில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. எதிர்க்கரையில் நகர்ந்த புள்ளிகளை எல்லாம் அண்ணி என்று சொல்லிச் சொல்லி ஏமாந்தோம். என் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்காருவதும் எழுந்து எட்டிப் பார்ப்பதுமாக இருந்தார். "ஏதாவது ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்" என்று என்மேல் பாய்ந்தார். சொல்லிக்கொள்கிறேன் என்றேன். சொல்லிவிட்டு நானும் எழுந்து எட்டிப் பார்த்தேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, போன பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வந்தார். முகம் செக்கச் சிவந்திருந்தது. தலை முழுக்கச் சருகு. பிரேக்கைப் பிடித்து, கடை வாசலில் கோடு போட்ட மாதிரி நிறுத்தினார். இறங்கி இரண்டடி நொண்டினார்.

தம்பி ஓடிப்போய்த் தோளைப் பிடித்தார். "வலிக்குதாக்கா?"

"வலிக்குது. அதுக்கென்ன இப்ப?"

அண்ணி அவர் கையை விலக்கிவிட்டுக் கடைக்காரரிடம் திரும்பினார்.

"நாளைக்குக் காலையில எத்தன மணிக்குத் திறப்பீங்க?"

"ஆறு மணிக்கும்மா."

"அஞ்சே முக்காலுக்கு நிப்பேன். சீட்ட ரெண்டு விரக்கட அளவு இறக்கி வைங்க."