ரெய்னோவின் வலது கை

ரெய்னோ கொஸ்கெலா காகித ஆலையில் மரக்கூழ்ப் பிரிவில் வேலை பார்த்தான். சனிக்கிழமைகளில் ஊர் அணிக்காகப் பனி ஹாக்கி ஆடினான். எதிரணிக் கால்களுக்கு நடுவே ரப்பர் வட்டைத் தட்டி, தலையை நிமிர்த்தாமலே தன் ஆளின் மட்டையில் கொண்டுபோய்ச் சேர்ப்பான். வடக்கு ஒண்டாரியோவில் வேறு யாருக்கும் அப்படி ஒரு கை கிடையாது என்று எதிரணிப் பயிற்சியாளர்களே சொல்வார்கள்.

சொந்த ஊர் மட்டும் சொல்லவில்லை. அவன் கொடுத்ததைக் கோலுக்குள் தள்ளியவனுக்குத்தான் கைதட்டல். யாராவது அவனைச் சுவரோடு சேர்த்து இடித்தால், திருப்பி அடிக்காமல் எழுந்து, பனியைத் தட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடர்வான். அது ஊருக்குப் பிடிக்கவில்லை.

"என்னப்பா, நேத்து இடிச்சவனுக்கு நன்றி சொல்லிட்டு வந்தியா?" என்பான் ஆலை மேஸ்திரி கார்டன் பைக்.

"கை இருந்தாத்தானே ஆட முடியும்" என்பான் ரெய்னோ.

"ஆமாமா. பத்திரமா பஞ்சுல சுத்தி வை."

எழுபத்து நாலு பிப்ரவரியில், சுரங்க ஊர் அணியுடன் ஆட்டம். அவர்களுடைய தடியன் டுவேன் மக்ரே, ஊர் அணியின் கோல் கீப்பரைப் பின்னாலிருந்து மோதித் தள்ளினான். பையன் குப்புற விழுந்தான், பனியில் ரத்தம். நடுவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சண்டைக்கென்றே அணியில் வைத்திருந்த ஆள் அப்போது விதி மீறியதற்காகக் களத்துக்கு வெளியே தண்டனைப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்தது ரெய்னோதான். கையுறைகளை உதறினான். நாலே குத்து. மக்ரே சரிந்தான்.

கூட்டத்தின் கூச்சலில் அரங்கின் தகரக் கூரை அதிர்ந்தது. ரெய்னோ தன் மனைவி லியோனா வழக்கமாக உட்காரும் இடத்தைப் பார்த்தான். அவள் பெஞ்சின் மேல் ஏறி, இரண்டு கைகளையும் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தாள். அவன் போட்ட எந்தக் கோலுக்கும் அவள் எழுந்து நின்றதில்லை.

மறுநாள் காலை காபிக் கடையில் கேட்காமலே முட்டையும் பன்றிக்கறியும் வந்தன. கார்டன் எழுந்து நாற்காலியைக் கொடுத்தான்.

"சண்டைக்குன்னே இருக்கறவன் அடிச்சா அது அவன் வேலை. உனக்கு ஆட்டமே அந்தக் கையிலதான் இருக்கு. அதைப் பத்தி யோசிக்காம எங்களுக்காக நீட்டின பாரு, அதான்டா விஷயம்."

ரெய்னோவுக்கு அது இனித்தது. பிற்காலத்தில் அதை அவன் யாரிடமும் மறைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கூட்டம் அவன் பெயரைச் சொல்லித் தரையை மிதிக்க ஆரம்பித்தது. எதற்கு என்று அவனுக்குத் தெரிந்தது. அதைக் கொடுத்தான். அதன்பின் அக்கம்பக்கத்து ஊர் முரடர்கள் அவனைத் தேடியே வந்தார்கள். மூன்றாவது வருடம் அவன் விட்ட குத்து ஒருவனுடைய தலைக்கவசத்தில் பட்டு, வலது கையின் இரண்டு விரல்களில் எலும்பு நொறுங்கியது.

"ரெண்டு வாரம் போதும்ல?" என்றார் பயிற்சியாளர்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, மட்டை கையில் இருப்பதே அந்த விரல்களுக்குத் தெரியவில்லை. அவன் அனுப்பிய வட்டு ஆளுக்கு ஓரடி பின்னால் போனது. ஊர் அதைக் கவனிக்கவே இல்லை. "வட்டு போனா போகுது, இன்னிக்கு யாரைப் போடப்போற?" என்றுதான் கேட்டார்கள்.

நாலாவது வருடம், கோலும் போட்டு அடியும் போடுகிற இளைஞன் ஒருவன் அணிக்கு வந்தான். உடைமாற்றும் அறைக் கதவில் ஒட்டியிருந்த பட்டியலை ரெய்னோ இரண்டு முறை படித்தான். அவன் பெயர் இல்லை. அதற்காகப் பயிற்சியாளரிடம் சண்டைக்குப் போக ஊரில் ஒருவரும் இல்லை.

ஆலை மூடும்வரை அங்கேயே வேலை பார்த்தான். அவனுக்கு அறுபத்தெட்டு வயதானபோது, ஆட்ட அரங்கின் ஐம்பதாம் ஆண்டு விழா வந்தது. கார்டனின் மகள் ஷெரில் ஒரு பெரிய படத்தோடு வீட்டுக்கு வந்தாள். மக்ரே சரிந்துகொண்டிருக்கும் படம்.

"வாசல்லயே மாட்டறோம் அங்கிள்."

"நான் பாஸ் குடுக்கற மாதிரி ஏதாவது இல்லையாம்மா?"

"பாஸை யாரு அங்கிள் படம் எடுப்பாங்க?" அவள் கள்ளமில்லாமல்தான் கேட்டாள்.

"விடேன், நல்லாத்தானே இருக்கு" என்றாள் லியோனா.

ஞாயிறு மதியம் விழா. பத்திரிகைக்காரன் ரெய்னோவைப் படத்துக்குக் கீழே நிறுத்தி, அதேபோல முஷ்டியைத் தூக்கச் சொன்னான். நடு விரலும் மோதிர விரலும் மடங்கவில்லை.

"கொஞ்சம் இறுக்கமா, சார்."

பிறகு அவனே வந்து அந்த இரண்டு விரல்களையும் அழுத்தி மடக்கி, மேலே கட்டைவிரலை வைத்தான். கையை எடுத்ததும் விரல்கள் விரிந்துகொண்டன. இன்னொரு முறை அழுத்தினான். ரெய்னோ பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"சரி விடுங்க. கையைப் பாக்கெட்ல வச்சுக்கங்க."

வைத்துக்கொண்டான். படம் எடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள், முன்வரிசையில் லியோனாவும் தட்டினாள்.