செர்டாங்கில் பசியாறிய சனிக்கிழமைகள்

வாட்ஸ்அப்பில் மேரி அக்கா அனுப்பும் குரல் பதிவைத் திறந்தால் முதலில் கேட்பது அவர் குரலாக இருக்காது. தட்டு விழும் சத்தம், "டீச்சர், இவன் கடிச்சிட்டான்" என்று ஒரு பிள்ளையின் முறையீடு... அதற்குப் பிறகுதான் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு பேசத் தொடங்குவார்.

அவரை அறிவதற்கு முன், நான் மலேசியாவின் தென் கெடாவில், ஒரு செம்பனைத் தோட்டத்துப் பாலர் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஒரே வகுப்பறை, ஒரே ஆசிரியை. சந்தேகம் கேட்க அடுத்த அறையில் யாரும் இல்லை. அடுத்த அறையே இல்லை.

அதனால்தான் அந்த வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினேன். சுற்றுவட்டாரத்தில் என்னைப் போலத் தனியாக வகுப்பு நடத்தும் ஆசிரியைகளுக்காக. எல்லாரும் எல்லாரையும் "டீச்சர்" என்றே அழைத்தோம். என் கைப்பேசியில் டீச்சர் செர்டாங், டீச்சர் பண்டார் பாரு என்று ஊரை வைத்துத்தான் பெயர்கள். காலையில் பூப்படம், வெள்ளிக்கிழமை சாமி படம்... மனம்விட்டு யாரும் எதுவும் கேட்டதில்லை. நானும்தான்.

நேரில் சந்தித்தால் பேச்சு வரும் என்று நினைத்தேன். நிறையப் படிக்கிற பழக்கம் வேறு. நல்ல தமிழில் அறிவிப்பு எழுதினேன்: 'பாலர் பள்ளி ஆசிரியைகள் ஒன்றுகூடல். அனைவரும் தவறாது கலந்துகொண்டு சிறப்பிக்கவும்.'

கைதட்டல்கள், கும்பிடுகள், கட்டைவிரல்கள் குவிந்தன.

நான் குறித்திருந்த செர்டாங் சாப்பாட்டுக் கடைக்கு வந்து சேர்ந்தது மேரி அக்கா ஒருவர்தான். 'டீச்சர் செர்டாங்' அவர்தான் என்று அன்றுதான் தெரிந்தது.

"என்னா டீச்சர், டத்தோ, மந்திரின்னு யாரோ வர்ற மாதிரில்ல எழுதியிருக்க? நான் சேலை கட்டணுமான்னு யோசிச்சேன்."

"வேற எப்படிக்கா எழுதறது?"

"பசியாற வாங்கன்னு போடு லா. கூட்டம்னா ஆளுக்கொரு வேல வந்துரும். பசியாறக் கூப்பிட்டா எவளாச்சும் மாட்டேம்பாளா?"

அடுத்த மாதம் ஒரே வரி: 'சனிக்கிழமை காலையில செர்டாங்ல பசியாறலாம், வாங்க.'

இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட வேண்டியதாயிற்று.

அதன்பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை. ரொட்டி சானாய், தோசை, ஆளுக்கொரு தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய டீ. "உங்க பிள்ளைங்க கலர் பென்சில் திங்குதா?" என்று ஒருத்தி கேட்பாள். "எங்கதுங்க பசை மட்டும்தான். நல்ல குடும்பத்துப் பிள்ளைங்க" என்பார் மேரி அக்கா. கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். டீச்சர்கள் மெல்ல அக்காக்களாகவும் தங்கச்சிகளாகவும் மாறினோம்.

அங்கேயும் நான் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று இருந்தது. என் வகுப்பில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி. வீட்டில் ஓயாமல் பேசுவாளாம். என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. ஒருநாள் அவள் அம்மா வாசலில் நின்றபடி, "வேற டீச்சரா இருந்தா பேசியிருப்பா போல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். கூலிமில் ஒரு தொழிற்சாலைக்கு விண்ணப்பம் போட்டேன்.

நேர்முகத் தேர்வு விழுந்தது, நாங்கள் பசியாறும் சனிக்கிழமையில். குழுவில் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே நான் வாரக்கணக்கில் பேசாமல் இருந்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது?

தொழிற்சாலையின் வரவேற்பறையில் காத்திருந்தபோது கைப்பேசி அடித்தது. மேரி அக்கா.

"எங்க லா இருக்க? ஒன் ரொட்டி ஆறிப்போச்சு."

பொய் சொல்ல வரவில்லை. "கூலிம்ல... இன்டர்வியூக்கா."



"சரி. முடிச்சிட்டு வா. நாங்க இருக்கோம்."

போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. கடையில் மதியச் சோற்றுக்குக் குழம்புச் சட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்... என் நாற்காலியில் யாரோ கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தார்கள்.

யாரும் புத்தி சொல்லவில்லை. நானாகத்தான் அந்தச் சிறுமியைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே அழுதுவிட்டேன்.

பண்டார் பாருவிலிருந்து வரும் செல்வி சட்டென்று சிரித்துவிட்டாள். "அவ்ளோதானா? எங்கிட்ட ஒருத்தன் இருக்கான்க்கா. ஸ்கூல் பூனைகிட்ட மட்டும்தான் பேசுவான். எனக்கு என்னாச்சும் சொல்லணும்னா பூனைய தேடிப் போவான்."

"நீ என்னா பண்ணின?" என்றேன்.

"கேள்வி கேக்கிறத விட்டுட்டேன். பக்கத்துல சும்மா ஒக்காந்துக்குவேன். சில நாள் பூனையும் நானும் ஒண்ணா ஒக்காந்திருப்போம்."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

திங்கட்கிழமை கூலிமிலிருந்து அழைத்தார்கள். வேலை கிடைத்துவிட்டது, சம்பளமும் கூடுதல். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். செல்வியின் யோசனை பலிக்குமா என்று அப்போது எனக்குத் தெரியாது. இத்தனை பேர் எனக்காக அரை நாள் உட்கார்ந்திருந்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

அந்தச் சிறுமி பல வாரங்கள் கழித்து, ஜன்னலைப் பார்த்தபடி, "டீச்சர், மழ" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மழையைப் பார்த்தேன். நான் வாயைத் திறந்தால் அவள் மூடிக்கொள்வாளோ என்று பயம்.

இன்றைக்கு அந்தக் குழு நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஜோகூரிலிருந்தும் சபாவிலிருந்தும் ஆசிரியைகள் இருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் இணையத்தில் பயிற்சி. பேசாத பிள்ளைகளைப் பற்றி நிபுணர்களே வந்து விளக்குகிறார்கள். அன்று எனக்குக் கிடைத்திருந்தால் எவ்வளவோ அழுகை மிச்சம். குறை சொல்ல மாட்டேன்... நடத்துவதே நான்தான்.

மேரி அக்கா மகளோடு பினாங்குக்குப் போய்விட்டார். செல்விக்குக் கைக்குழந்தை. எல்லாரும் கூடி உட்கார்ந்து வெகுகாலமாகிறது.

போன சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் திரையை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். எத்தனை பேர் வந்தார்கள் என்று ஓரத்தில் ஓர் எண் காட்டியது. யார் வரவில்லை என்று யோசித்துப் பார்த்தேன்.

ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.