வாசலில் கட்டிய தொட்டில்

காலை ஆறு மணி ஐம்பது நிமிடம். கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு தொட்டில். ஒரு சாண் நீள மரத்தொட்டில், மஞ்சள் கயிற்றில் எங்கள் வாசல் நிலையில் தொங்கியது. பிள்ளை வரம் கேட்பவர்கள் கோயில் மரத்தில் கட்டுவது. கோயில்வரை நடக்க எங்களுக்குச் சோம்பல் என்று நினைத்து, யாரோ வேண்டுதலை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார்கள்.

துப்பறியத் தேவையிருக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் பல் துலக்கிக்கொண்டு நின்றார்.

"நான்தான் தம்பி கட்டினேன். ஆறு வருசமாச்சு. நீங்க வேண்டிக்க மாட்டேங்கிறீங்க, உங்களுக்காக நானே வேண்டிக்கிட்டேன்."

"நாங்க வேணாம்னுதான் இருக்கோம்க்கா."

"பாவம்," என்றார். "எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்குவாங்க."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. கடல் கடந்து வந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வேக்காரர்கள் நிறைந்த ஒரு பலகை வீட்டு வரிசையில் குடியிருந்தோம். நான் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் செய்தி திருத்துகிறவன். என் மனைவி ஆஸ்பத்திரியில் படித்துத் தேறிய மருத்துவச்சி. வரிசையில் ஓடித்திரிந்த பிள்ளைகளில் பதினொன்று அவள் கையில் பிறந்தவை. மற்றவர்களுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வந்தால் வீட்டில் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பது அவள் விருப்பம். எனக்கும் தூக்கம் பிடிக்கும். மணமான முதல் மாதமே பேசி முடித்துவிட்டோம்.

இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் அதை அச்சுப்பிழையாக எடுத்துக்கொண்டு தாங்களே திருத்தினார்கள். முதலில் குறை அவளிடம் என்றார்கள். ஊரிலிருந்து எனக்கு இரண்டாவதாக ஒரு பெண் பார்த்துத் தர மூன்று பேர் முன்வந்தார்கள். பிறகு குறை என்னிடம் என்றார்கள், லேகியம் வந்தது. லேகியம் ருசியாகவே இருந்தது.

இதற்கெல்லாம் அவள் சிரித்தாள். சிரிக்க முடியாதது பிறகு வந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்குத் தலைப்பிரசவம். பெறாத கை வளையல் போடக்கூடாது என்று வளைகாப்புக்கு என் மனைவியைக் கூப்பிடவில்லை. அதே கை பிள்ளையை ஏந்தவும் கூடாது என்று செந்தூலிலிருந்து ஒரு கிழவியைப் பேசிவைத்தார்கள். கிழவிக்கு எட்டுப் பிள்ளைகள். அவள் படித்த படிப்பு அவ்வளவுதான். அந்தப் பதினொரு பிள்ளைகளின்போது என் மனைவி புதுப்பெண், இன்னும் காலம் இருந்தது. அவர்கள் கணக்கில் ஆறாம் வருடம்தான் கை கெட்டுப்போனது. பிள்ளைத்தாய்ச்சிகள் இருந்த வேறு இரண்டு வீட்டாரும் கிழவியையே பேசினார்கள்.

"ஒண்ணு பெத்துக்கிட்டாத்தான் வேலை நிலைக்கும் போல," என்றாள் மனைவி.

"பெத்துக்கிட்டா வேலைக்கு யாரு போறது?"

அவள் கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டாள்.

ஒரு புதன்கிழமை, பகல் ஒன்று இருபதுக்கு அக்கா வேலியைத் தாண்டியே வந்துவிட்டார். கிழவி தன் மகள் பிரசவத்துக்குக் கிள்ளானுக்குப் போயிருந்தாள். இங்கே அக்கா மகளுக்கு வலி கண்டு, பிள்ளைக்குக் கால் முதலில் தெரிந்தது.

"நர்ஸம்மா, ஓடி வாம்மா!"

"என் கை ஆகாதேக்கா."

"யாரும்மா சொன்னா அப்படி? அவ நாக்கு அழுக! வா, வா!"

மனைவி அதற்குள் பையை எடுத்திருந்தாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவர்தான். ஒன்றே முக்கால் மணி நேரம் எல்லாம் கேட்டது. மூன்று ஐந்துக்குப் பிள்ளை அழுதது.

"ராசியான கைம்மா உனக்கு! அடுத்தது உனக்குத்தான்."

"எனக்கு வேணாம்க்கா. வெந்நீர் கொண்டாங்க."

அன்று மாலை அக்கா வந்து எங்கள் வாசல் தொட்டிலை அவிழ்த்தார். வேண்டுதல் பலித்துவிட்டதாம், வீடுதான் ஒன்று தள்ளிப்போய்விட்டதாம். கோயிலில் கட்டக் கொண்டுபோனார்.

அடுத்த மாதம் மற்ற இரண்டு வீடுகளிலும் பிரசவமானது. இரண்டுக்கும் செந்தூல் கிழவியைத்தான் கூப்பிட்டார்கள்.